நூலளவு திறந்த கண்

நீங்க கண்ணைத் திறக்காதீங்க டீச்சர். சொட்டு மருந்து விட்ட பிறகு அரை மணி நேரம் இமையைப் பிரிக்கக் கூடாதுன்னு அந்த நர்ஸ் பிள்ளை சொல்லிட்டுப் போயிருக்கு. திறந்தா மறுபடியும் மருந்து, மறுபடியும் அரை மணி நேரம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.

டீச்சர்னு எப்படித் தெரியும்னு கேட்கிறீங்களா? உங்க பையோட வெளி ஜிப்புல சிவப்பு மைப் பேனா மூணு சொருகியிருக்கு. மூணும் எப்பவோ காய்ஞ்சிருக்கும். ரிட்டயர் ஆகி நாலஞ்சு வருஷம் ஆனாலும் எடுத்துப்போட மனசு வந்திருக்காது. சரிதானே? எப்போ பார்த்தேன்னா, நீங்க வந்து உட்காரும்போது பார்த்தேன். மருந்து விடுறதுக்கு முன்னாடி. இப்போ நானும் கண்ணை மூடித்தான் இருக்கேன். அந்த நீலச் சட்டைக்காரர் வாயைத் திறந்துட்டுத் தூங்குறார் பாருங்க. அது குறட்டைச் சத்தத்தை வச்சுச் சொல்றேன். சட்டை நிறம் முன்னமே பார்த்தது.

பையை ஏன் மடியில இழுத்து வச்சுக்கிறீங்க? என்கிட்ட எதுக்குப் பயம்? நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை டீச்சர். காலையில ஒரு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம் முழங்கால் போட்டு ஜெபம் பண்றவ.

என் பேரு தங்கபுஷ்பம். திசையன்விளைக்குப் பக்கத்துல சின்ன ஊர். எங்க வீட்டுக்காரர் பஸ்ல கண்டக்டரா இருந்து ஓய்வு வாங்கினவர். என்னை இங்கே உட்கார வச்சுட்டு டீ குடிக்கப் போனார். இது ரெண்டாவது டீயா இருக்கும். பிள்ளைங்க ரெண்டு பேர். மகன் ஓசூர்ல, மகள் மஸ்கட்ல. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, ஸ்தோத்திரம். ரொம்ப நல்லா இருக்கிறதால போன் பண்ண நேரம் கிடைக்கிறதில்லை.

எனக்குப் புரை இடது கண்ணுல. வலது கண்ணு தங்கம் மாதிரி இருக்குன்னு டாக்டர் சொன்னார். இருக்காதா பின்னே? அதுக்கு ஓய்வு. முப்பது வருஷமா வேலை எல்லாம் இடது கண்ணுக்குத்தான். அது ஒரு கதை. சொன்னா அரை மணி நேரம் போயிரும். எங்க ஊர்ல யார்கிட்டயும் இதைச் சொல்ல முடியாது. உங்களுக்கு என் முகம் தெரியாது, நாளைக்கு வழியில பார்த்தாலும் அடையாளம் சொல்லமாட்டீங்க. அதனால சொல்றேன்.

நாங்க கிறிஸ்தவங்க. எங்க பக்கம் பாதிரியாரை ஐயர்னு சொல்லுவோம், அவர் சம்சாரத்தை ஐயரம்மான்னு சொல்லுவோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூணு மணிக்குப் பெண்கள் ஜெபக்கூட்டம். நடக்கிற இடம் வயலட் அக்கா வீடு. எனக்குப் பக்கத்து வீடு. அக்கா என்னைவிட மூணு வயசு மூப்பு. வீட்டுக்காரர் காலமாகிப் பத்து வருஷம் ஆச்சு, ஒரே மகன் சென்னையில. இருபது வருஷமா நானும் அவங்களும் ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

கூட்டத்துல பாட்டு, வேதவாசிப்பு எல்லாம் முடிஞ்ச பிறகு சங்கிலி ஜெபம். வட்டமா உட்கார்ந்து, ஒருத்தி முடிச்சதும் பக்கத்துல இருக்கிறவ ஆரம்பிக்கணும். பதினோரு பேர், முக்கால் மணி நேரம். ஐயரம்மா வந்துட்டா ஒண்ணேகால் மணி நேரம். அவங்க உலக சமாதானத்துல ஆரம்பிச்சு, ஒவ்வொரு நாடா இறங்கி, எங்க ஊர் குடிதண்ணீர்த் தொட்டிக்கு வந்து சேரணுமே. அதுவரைக்கும் எல்லாரும் கண்ணை மூடியிருக்கணும்.

நான் மூடுறதில்லை.

தப்பா நினைக்காதீங்க. அது பிள்ளைங்களால வந்த பழக்கம். என் மகன் சின்னதுல கோயில்ல எல்லாரும் கண்ணை மூடினதும் எழுந்து ஓடிருவான். ஒரு தடவை நேரா பீடத்துக்கே போய் ஐயர் அங்கியைப் பிடிச்சு இழுத்துட்டான். அதுக்கப்புறம் எப்படிங்க கண்ணை மூடுறது? வலதை மூடுவேன். இடதுல ஒரு நூலளவு விடுவேன். வெளியே பார்த்தா மூடினமாதிரிதான் இருக்கும், கண்ணாடியில பார்த்துப் பழகியிருக்கேன். பிள்ளைங்க வளர்ந்து, படிச்சு, கல்யாணமாகி, ஊரை விட்டும் போயாச்சு. இந்தக் கண்ணுக்கு மட்டும் அந்தச் சேதி போய்ச் சேரலை.

அப்புறம் பாருங்க, பதினோரு பொம்பளைங்க முக்கால் மணி நேரம் கண்ணை மூடியிருக்கிற இடத்துல ஒருத்தியாவது திறந்து வச்சிருக்க வேண்டாமா? அடுப்படியில பால் இருக்கு, பூனை இருக்கு. ஒரு ஊழியம்னு நினைச்சுத்தான் செஞ்சேன்.

ஆனா உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துக்கிட்டே இருக்கும். யாராவது கண்டுபிடிச்சுருவாங்களோன்னு. நான் எட்டாங்கிளாஸ்தான். இருந்தாலும் உட்கார்ந்து யோசிச்சேன். என் கண்ணு திறந்திருக்கிறதை ஒருத்தி பார்க்கணும்னா அவ கண்ணும் திறந்திருக்கணும். அப்போ அவ எந்த வாயால வெளியே சொல்லுவா? சொன்னா அவளும் மாட்டிக்குவா. ஆக, யாரும் பார்க்கமாட்டாங்க, பார்த்தாலும் சொல்லமாட்டாங்க. எப்படி? நீங்க எம்.ஏ. படிச்சிருப்பீங்க, இதுல ஒரு ஓட்டை சொல்லுங்க பார்ப்போம்.

நான் பார்த்ததை எல்லாம் கேட்டா சிரிப்பீங்க. எமிலின்னு ஒருத்தி, ஆவியில நிறைஞ்சு அழுவா. அழுதுக்கிட்டே தட்டுல மூடி வச்ச முறுக்கை எண்ணுவா. சந்திராபாய்னு ஒருத்தி, அடுத்தவங்க ஜெபத்துக்கெல்லாம் சத்தமா ஆமென் போடுவா, கை மட்டும் சேலையில ஒட்டின பசையைச் சுரண்டிக்கிட்டே இருக்கும். நான் இதையெல்லாம் யார்கிட்டயும் சொன்னதில்லை. குறை சொல்றது பாவம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை. எமிலி ஜெபத்துக்கு நடுவுல இடது முழங்காலைத் தடவிக்கிட்டே இருந்தா. பாவமா இருந்துச்சு. என் முறை வந்ததும், “ஆண்டவரே, இந்த இடத்துல ஒரு சகோதரிக்கு இடது முழங்கால்ல வேதனை இருக்கு, நீர் தொடும்”னு சொல்லிட்டேன். அவ்வளவுதான். எமிலி ஓன்னு அழுதுட்டா. “நான் யார்கிட்டயும் சொல்லலியே, அக்காவுக்கு எப்படித் தெரியும்? ஆண்டவர் காட்டிக்கொடுத்துட்டாரே”ன்னு என் காலைத் தொடப் பார்த்தா.

நான் என்ன சொல்லியிருக்கணும்? ஏட்டி, நீ தடவினதை நான் பார்த்தேன்னு சொல்லியிருக்கணுமா? சொல்லலாம்தான். அடுத்த கேள்வி, நீங்க எதுக்கு அக்கா கண்ணைத் திறந்தீங்கன்னு வரும். அதனால, “எல்லா மகிமையும் அவருக்கே”ன்னு சொன்னேன். அதுல பொய் ஒண்ணும் இல்லையே.

அதுக்கப்புறம் சந்திராபாயோட மருமகள் பெனிட்டா. சின்னப் பிள்ளை, எல்லாரும் கண்ணை மூடினதும் கையை அடிவயித்துல வச்சு லேசா சிரிச்சா. ரெண்டு பிள்ளை பெத்த எனக்கு வேற என்ன அடையாளம் வேணும்? கர்ப்பத்தின் கனிக்காக ஸ்தோத்திரம் பண்ணிட்டேன். வீட்டுக்காரனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிஞ்ச சங்கதி. மாமியாருக்குத் தெரியாது. சந்திராபாய் ரெண்டு மாசம் என்கூடப் பேசலை, தனக்குச் சொல்லாம ஆண்டவர் எனக்குச் சொல்லிட்டார்னு. ஐயரம்மா எல்லார் முன்னாடியும் என் தலையில கை வச்சு, “புஷ்பம் அம்மாவுக்கு வெளிப்பாட்டு வரம் இருக்கு”ன்னு சொல்லிட்டாங்க. அவங்களே சொன்ன பிறகு நான் மறுக்க முடியுமா? ஐயரம்மாவைப் பொய்யாக்கலாமா?

வரம் வந்த பிறகு நடந்த கூத்தைக் கேளுங்க. எனக்கு நேரா உட்கார ஆள் இல்லை. எல்லாரும் எனக்குப் பக்கவாட்டுல நெருக்கியடிச்சு உட்காருவாங்க. ஜெபம்னு சொன்னதும் பத்துப் பேர் கையும் முந்தானைக்குள்ள போயிரும். சந்திராபாய் சித்திரை வெயில்ல சால்வை போர்த்திக்கிட்டு வந்தா. மனசுக்குள்ள இருக்கிறதை நான் பார்த்துருவேன்னு பயப்படுறவங்க எதுக்குச் சால்வை போர்த்தணும்? மனசை மூடுற சால்வை எந்தக் கடையில விற்குது? நானே கேட்க நினைச்சேன். அடக்கிக்கிட்டேன்.

எல்லாரும் எதிர்லேர்ந்து பக்கத்துக்கு வந்தாங்கன்னு சொன்னேனா, வயலட் அக்கா மட்டும் பக்கத்துலேர்ந்து எதிருக்குப் போனாங்க.

இது இந்த வருஷம் தொடக்கத்துல. இருபது வருஷமா எனக்கு வலது பக்கம் உட்கார்ந்தவங்க. புது வருஷம் பிறந்த முதல் வெள்ளிக்கிழமை, நாற்காலியைத் தூக்கிட்டுப் போய் எனக்கு நேர் எதிரா போட்டு உட்கார்ந்துட்டாங்க. “என்னக்கா, கோவமா?”ன்னு கேட்டேன். “இல்லட்டி, இங்க வெளிச்சம் நல்லாருக்கு”ன்னாங்க. கண்ணை மூடி ஜெபிக்கிறவங்களுக்கு வெளிச்சம் எதுக்கு? அப்பவே எனக்கு உறுத்துச்சு.

ஜெபம் ஆரம்பிச்சதும் ஒன்பது பேர் கையும் முந்தானைக்குள்ள போகுது. இவங்க வலது கை மட்டும் வெளியே வருது. மடியில மல்லாக்க வைக்கிறாங்க. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒண்ணை ஒண்ணு உருட்டுது. சின்ன மணியை உருட்டுறமாதிரி. ஜெபம் முடியிற வரைக்கும் உருட்டல் நிற்கலை. கண்ணைத் திறங்கன்னு சொன்னதும் கை சட்டுன்னு உள்ளே போயிருச்சு.

நீங்க என்ன நினைப்பீங்க? நான் ஜெபமாலைன்னு நினைச்சேன்.

சிரிக்காதீங்க டீச்சர். காரணம் இருக்கு. அக்கா மருமகள் ஸ்டெல்லா ஆர்.சி., கத்தோலிக்கப் பிள்ளை. மாதாவுக்கு மணி உருட்டி ஜெபிக்கிறது அவங்க வழக்கம், எங்க சபையில அது கிடையாது. கல்யாணத்தப்பவே எங்க சபையில முணுமுணுப்பு. கிறிஸ்துமஸுக்கு வந்தவ பத்து நாள் இருந்துட்டுப் போனா. போன கையோட அடுப்படியில மாதா படம் போட்ட காலண்டர் தொங்குது. அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா கை உருட்டுது. கையில மணி இல்லைதான். இல்லாத மணியை உருட்டிப் பழகுறாங்கன்னு நினைச்சேன். ஆர்.சி.காரங்க நல்லவங்கதான், எனக்கு அவங்கமேல ஒரு வருத்தமும் இல்லை. ஆனா எங்க கூட்டத்துல உட்கார்ந்துக்கிட்டு, எனக்கு நேரா, நான் எல்லாம் அறியிறவன்னு ஊரே நம்புறப்போ, என் கண்ணுக்கு முன்னாடியே கையை விரிச்சு வச்சு உருட்டினா அதுக்கு என்ன பேரு? துணிச்சல்னு நான் எடுத்துக்கிட்டேன்.

நேரா கேட்டிருக்கலாம்னுதானே சொல்ல வர்றீங்க? எப்படிக் கேட்கிறது? “அக்கா, ஜெபத்துல உங்க கையைப் பார்த்தேன்”னா? என் வரம் என்ன ஆகும்?

அதனால பொறுமையா கவனிச்சேன். மூணு மாசம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தக் கை வெளியே வந்துச்சு. வேற மாற்றங்களும் இருந்துச்சு. காப்பித் தட்டை எப்பவும் அவங்கதான் கொண்டு வருவாங்க. இப்போ எமிலியைக் கொண்டு வரச் சொன்னாங்க. வேதபுத்தகத்தை இடது கையில பிடிச்சாங்க. பெருமை வந்துருச்சுன்னு நினைச்சேன். ஒரு நாள் ஊசியும் நூலும் எடுத்துட்டு என் வீட்டுக்கு வந்தாங்க.

“இத கோர்த்துக் குடு புஷ்பம்.”

“கண்ணாடி போட்டுமா தெரியல?”

“கண்ணு நல்லாத்தாம்ட்டி இருக்கு”ன்னாங்க.

கண்ணு நல்லா இருந்தா நீங்களே கோர்க்க வேண்டியதுதானேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வயசுல பெரியவங்க. கோர்த்துக் குடுத்தேன். வாங்கிக்கிட்டு, போகாம வாசல்லயே நின்னாங்க. “வேற என்னக்கா?”ன்னு கேட்டேன். “ஒண்ணுமில்ல”ன்னு போயிட்டாங்க. ஜெபமாலையைப் பத்தி வாய்விட்டுச் சொல்ல வந்து, பயந்து போறாங்கன்னு நினைச்சு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு திருப்தி.

பெரிய வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. அன்னைக்கு ஐயரம்மாவும் வந்திருந்தாங்க. எனக்கு மனசுல பாரம் தாங்கலை. ஒரு ஆத்துமா வழி தவறிப்போகுது, நான் பார்த்துக்கிட்டே இருக்கேன். என் முறை வந்துச்சு. நல்லா சத்தமா ஜெபிச்சேன். “ஆண்டவரே, இந்த வட்டத்துல ஒரு வலது கை இருக்கு. அந்தக் கை மறைவுல உருட்டுறதை நீர் அறிவீர். அந்த விரல்களை நிறுத்தும். அந்தக் கையைக் கட்டும் ஆண்டவரே”ன்னேன்.

எல்லாரும் ஆமென்னாங்க. சந்திராபாய் ரெண்டு தடவை ஆமென்னா. நான் நூலளவுல பார்த்தேன். அக்கா கை இன்னும் மடியிலதான் இருக்கு, அதே வேகத்துல உருட்டுது. ஆனா முகம் மாறியிருந்துச்சு. கன்னத்துல தண்ணீர் இறங்குது. சரி, மனந்திரும்புறாங்கன்னு நினைச்சு நான் இன்னும் ரெண்டு வாக்கியம் சேர்த்தேன்.

ஜெபம் முடிஞ்சுது. எமிலி எழுந்து காப்பித் தட்டை எடுக்கப் போனா. “நீ இருட்டி, இன்னைக்கு நான் எடுக்கேன்”னு அக்கா எழுந்துட்டாங்க. அடுப்படியில போய் பதினோரு டம்ளர் காப்பியோட தட்டைத் தூக்கிட்டு வந்தாங்க. வாசப்படியிலயே டம்ளர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு மோதிக் கடகடன்னு சத்தம். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறாங்க. வலது கை தோள் வரைக்கும் நடுங்குது. நாலு எட்டு வச்சாங்க. ஐயரம்மாவுக்கு முன்னாடி தட்டு சாய்ஞ்சு, காப்பி முழுசும் ஜமக்காளத்துல.

அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, அது மணி உருட்டுற கை இல்லைன்னு. எங்க வீட்டுக்காரரோட சித்தப்பாவுக்கு இதே நடுக்கம் இருந்துச்சு. கடைசி மூணு வருஷம் நாங்கதான் ஊட்டி விட்டோம். அவருக்கும் விரல்லதான் ஆரம்பிச்சுது.

அந்த நேரத்துலயும் எமிலி என்ன சொன்னான்னு நினைக்கிறீங்க? “பாத்தீங்களா, புஷ்பம் அக்கா சொன்ன வலது கை.” எல்லாரும் என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. ஐயரம்மா சேலையைத் துடைச்சுக்கிட்டே ஸ்தோத்திரம்னாங்க. என் வரம் அன்னைக்கு உச்சத்துல இருந்துச்சு டீச்சர்.

எல்லாரும் போன பிறகு அடுப்படிக்குப் போனேன். அக்கா ஜமக்காளத்தைத் தண்ணீர்ல நனைச்சு வச்சுட்டு முக்காலியில உட்கார்ந்திருந்தாங்க.

“எனக்குத் தெரியாதுக்கா”ன்னேன்.

“என்ன தெரியாது? மூணு மாசமா பாத்துக்கிட்டுதான இருந்த.”

“நான் எங்கக்கா பாத்தேன்? ஆண்டவர்...”

“ஆண்டவர இதுல இழுக்காத புஷ்பம். உன் எடது கண்ணு எனக்குத் தெரியும். இருவது வருசமா தெரியும்.”

என் கை தானா இடது கண்ணுக்குப் போச்சு.

“வாயத் தொறந்து சொன்னா ஜெபக்குறிப்பாயிரும். ஞாயித்துக்கிழம கோயில்ல வாசிப்பாவ. திங்கக்கிழம என் மவன் போன் போட்டு, வீட்டப் பூட்டிட்டு மெட்ராசுக்கு வாம்பான். அதான் ஒருத்திக்கு மட்டும் தெரியட்டும்னு உனக்கு நேரா நாற்காலியப் போட்டு உக்காந்தேன். நீ பாப்ப, தனியா வந்து, என்னக்கா கைக்குன்னு ஒரு வார்த்த கேப்ப, ரெண்டு பேருமா பாளையங்கோட்டைக்குப் போயி டாக்டரப் பாப்போம்னு இருந்தேன். எமிலி முட்டுக்கு ஜெபிச்ச. பெனிட்டா வயித்துக்கு ஜெபிச்ச. என் கைய மட்டும் கட்டச் சொல்லிட்டியே.”

அவ்வளவுதான் சொன்னாங்க. சத்தம் போடலை. அழவும் இல்லை.

நான் வீட்டுக்கு வந்துட்டேன். ராத்திரி சாப்பாடு இறங்கலை. ஏன்னு கேளுங்க. கை நடுங்குறதைப் பத்தின வருத்தம் இருக்கு, இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கே, அதை ஏன் யாரும் கேட்கமாட்டேங்கிறாங்க? அவங்க கண்ணும் திறந்துதானே இருந்திருக்கு! இருபது வருஷம். பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு. நானாவது பிள்ளைக்காகத் திறந்தேன். அவங்க எதுக்குத் திறந்தாங்க?

அன்னைக்குத்தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. என் மகள் மஸ்கட்டுக்குப் போன வாரம் ஜெபத்துல நான் சத்தமில்லாம அழுதேன். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். அன்னைக்குச் சாயந்திரம் அக்கா மீன் குழம்போட வந்தாங்க. “இன்னைக்கு நிறைய வச்சுட்டேன்”னு சொல்லி, எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்க. எங்க வீட்டுக்காரர் நெஞ்சுவலின்னு படுத்தப்போ நான் வெளியே காட்டிக்கலை. அந்த வெள்ளிக்கிழமை ஜெபம் முடிஞ்சதும், “நாளைக்கு நான் துணைக்கு வாரேன், எங்க போகணுமோ போவோம்”னாங்க. மகன் பேசாம இருந்த ஆறு மாசமும் அப்படித்தான். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், சாயந்திரம் ஏதாவது ஒரு கிண்ணம் கையில இருக்கும். ஆண்டவர்தான் இவங்களுக்கு உணர்த்துறார்னு நான் எத்தனை தடவை கண்ணீரோட ஸ்தோத்திரம் பண்ணியிருக்கேன் தெரியுமா? கடைசியில பார்த்தா வெறும் கண்ணு. என் கொட்டாவி, என் அழுகை, என் மூக்கு சிந்தல் எல்லாத்தையும் பக்கத்துலேர்ந்து பார்த்திருக்காங்க. பார்த்துட்டுப் பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதுக்கு வேவுன்னு சொல்லாம வேற என்ன சொல்றது?

நான் அன்னையிலேர்ந்து அங்கே போறதில்லை. மூணு வாரம் ஆச்சு. கூட்டத்தை ஐயரம்மா பங்களாவுக்கு மாத்திட்டாங்க. அங்கேயும் நான் போறதில்லை, கண்ணுல புரைன்னு சொல்லிட்டேன். அது உண்மைதானே.

அக்கா பயந்தமாதிரியேதான் ஆச்சு. ஞாயித்துக்கிழமை கோயில்ல ஜெபக்குறிப்பு வாசிச்சாங்க. மகன் வந்துட்டுப் போனான். பாளையங்கோட்டையில காட்டி, சித்தப்பாவுக்கு வந்த அதே நடுக்க வியாதிதான்னு சொல்லி மாத்திரை குடுத்திருக்காங்களாம். வர்ற ஞாயித்துக்கிழமை காரோட வந்து கூட்டிட்டுப் போறான். வீட்டைப் பூட்டிச் சாவியை எமிலிகிட்ட குடுக்கப்போறாங்களாம். எமிலிகிட்ட. நான் சுவரு பக்கத்துல இருக்கேன்.

இன்னைக்கு வியாழக்கிழமை, இல்லையா?

நேத்து சாயந்திரம் ஒரு சங்கதி. எங்க அடுப்படி ஜன்னல்லேர்ந்து பார்த்தா அக்கா துணி காயப்போடுற கொடி தெரியும். நான் ஜன்னல் கதவை முழுசாத் திறக்கிறதில்லை, புகை போறதுக்குக் கொஞ்சம் விட்டிருப்பேன். அக்கா சேலையை எடுக்க வந்தாங்க. கிளிப்பைக் கழட்ட முடியலை. வலது கையால முயற்சி பண்ணாங்க, இடது கையால முயற்சி பண்ணாங்க. கடைசியில பிடிச்சு இழுத்தாங்க. சேலை மொத்தமும் மண்ணுல விழுந்துருச்சு. குனிஞ்சு எடுக்கலை. அப்படியே நிமிர்ந்து, நேரா எங்க ஜன்னலைப் பார்த்தாங்க. கையை முந்தானைக்குள்ள கொண்டு போகலை. தொங்கவிட்டுக்கிட்டு நின்னாங்க, அது பாட்டுக்கு உருட்டிக்கிட்டு இருந்துச்சு.

ரொம்ப நேரம் நின்னாங்க டீச்சர். எங்க அடுப்படியில நான் லைட் போடலை. கதவு இவ்வளவுதான் திறந்திருக்கு. நான் ரெண்டு எட்டு பின்னால வந்துட்டேன். மூச்சுகூட விடலை.

என்ன சொன்னீங்க? போய் அந்தச் சேலையை எடுத்துக் கொடுத்திருந்தா என்னவா?

கொடுத்திருக்கலாம். காலும் வாசல் வரைக்கும் போச்சு, நான் பொய் சொல்லலை. இன்னும் மூணு நாள் இருக்கு, இன்னைக்குச் சாயந்திரமும் போகலாம்தான். ஆனா என்னன்னு சொல்லிப் போறது? சேலை விழுந்ததைப் பார்த்தேன்னா? அப்போ நான் ஜன்னல்ல நின்னது அவங்களுக்குத் தெரிஞ்சுருமே.